ஆளுக்கொரு வெள்ளி

சிரம்பான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக வேலை செய்கிறேன். எங்கள் இயந்திரம் ஒன்றைச் சரிபார்க்க இணையவழி பேசிய அமெரிக்கர், அன்று ஜெர்மன்-அமெரிக்க தினம் என்றார். அவருடைய முன்னோர்கள் ஜெர்மனிக்காரர்களாம். அன்றிரவு ரெம்பாவ் வீட்டில் உட்கார்ந்து அதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

1683 அக்டோபர் 6 அன்று கிரேஃபெல்ட் நகரத்துக் குடும்பங்கள் பதின்மூன்று 'கான்கார்ட்' என்ற கப்பலில் பிலடெல்பியாவில் இறங்கின. 1987-இல் அமெரிக்க அரசு அந்த நாளை ஜெர்மன்-அமெரிக்க தினமாக அறிவித்தது.

இடையில் நடந்தது அவ்வளவு இனிப்பானதில்லை. முதல் உலகப் போர் கிளப்பிய ஜெர்மானிய வெறுப்பில், 1919-இல் நெப்ராஸ்கா மாநிலம் எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைகளுக்கு அந்நிய மொழி கற்பிப்பதைத் தடை செய்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு ஜெர்மன் வாசிக்கச் சொல்லிக்கொடுத்த ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர் தண்டிக்கப்பட்டார். 1923-இல்தான் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இரண்டாம் போருக்குப் பிறகு, 1946 முதல் அமெரிக்கர்கள் பசித்திருந்த ஜெர்மனிக்கு உணவுப் பொட்டலங்கள் அனுப்பினார்கள். கடல் கடந்த உறவு தானாக நிலைக்கவில்லை. யாரோ கையை விட்டுச் செலவழித்திருக்கிறார்கள்.

நமக்கும் ஒரு கப்பல் உண்டு: ரஜுலா. 1926-இல் கட்டப்பட்டது. தாத்தா சிறுவனாக அதில்தான் வந்தார். பிறகு ரெம்பாவில் பால்மரம் வெட்டினார். ஊரிலிருந்து கடிதம் வரும், இங்கிருந்து பணம் போகும். நம் உறவு அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் 1950-களில், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, அங்கே முதலிடம் சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற கேள்வி வந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காகக் குரல் கொடுத்தார். பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். ஆளுக்கொரு வெள்ளி என்று சாதாரணத் தொழிலாளிகளும் கொடுத்தார்கள். 1956-இல் துறை தொடங்கியது.

1961-இல் தனிநாயகம் அடிகள் அதன் தலைவரானார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா, செக் அறிஞர் கமில் சுவலபில் எல்லாம் அந்த முயற்சியில் தோள் கொடுத்தவர்கள். சென்னைக்கு 1968-இல், இரண்டாவதாகத்தான் வாய்ப்பு வந்தது. கூலிக்கு ஆள் பிடித்து அனுப்பிய ஊரை, கூலிக்கு வந்தவர்களின் ஊர் முந்திக்கொண்டது. அதில் அந்த ஒரு வெள்ளிக்கும் பங்கு உண்டு என்றே நம்புகிறேன்.

"தாத்தாவும் குடுத்தாராப்பா?" என்று கேட்டேன்.

"குடுத்திருப்பாருடா. பேப்பர யாராச்சும் சத்தமா வாசிச்சா, பக்கத்துலயே உக்காந்திருப்பாரு."

"ரசீது ஏதும் இருக்கா?"

"லயத்து வீட்ல ரசீதெல்லாம் யாரு வச்சிருந்தா?"

அந்தப் பதின்மூன்று குடும்பங்களுக்கு ஒரு நாள் இருக்கிறது. நம்மவர்கள் கொடுத்ததற்கு வீட்டில் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை.

எங்கள் தமிழ்ப்பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் வாங்க, போன மாதம் கூட்டம் போட்டார்கள். "பிள்ளைங்களே கொறஞ்சு போச்சு, யாரு படிக்கப் போறா?" என்று ஒருவர் கேட்டார். நானும் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். அடுத்த கூட்டத்தில் இந்த வெள்ளிக் கணக்கைச் சொல்ல வேண்டும். முதலில் என் பங்கை வைத்துவிட்டுத்தான்.