மண்புழு எருவும் எங்கள் நாற்பது கொச்சிக்காய்ப் பைகளும்: ஒரு சின்ன வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள், வைக்க நினைப்பவர்கள் இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணையில் எங்கள் பாடசாலைத் தோட்டத்தில் நாற்பது பைகளில் கொச்சிக்காய் போட்டோம். "மண்புழு எரு ஒன்றே போதும், வேறு எதுவும் தேவையில்லை" என்று எங்கோ கேட்டதை நம்பி, மண் கலக்காமல் பை நிறைய எருவையே நிரப்பினோம். பிள்ளைகளின் சேமிப்புக் காசும் அதில் இருந்தது. விதைகளில் பாதி முளைக்கவேயில்லை. முளைத்தவையும் இலை ஓரம் கருகி, வெளிறி, அப்படியே நின்றுவிட்டன. பார்க்க வந்த ஒரு பிள்ளையின் உம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "சேர், இதுவும் 2021 மாதிரித்தான் போல."

அந்தச் சொல் எங்களைச் சுட்டது. வெள்ளாமை செய்யும் குடும்பத்து உம்மா அவர். அந்த ஆண்டு என்ன நடந்தது என்பது எங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பிழை புழுவிலா எங்களிலா என்று தேடிப் பார்த்தோம். தேடல் 190 வருடம் பின்னுக்குப் போய்விட்டது.

சார்ள்ஸ் டார்வின் என்றால் நமக்கு வேறு விவாதங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். அதை இங்கே தொடவில்லை. அதே மனிதர் வாழ்நாள் முழுக்க மண்புழுவைக் கவனித்தார் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. கப்பல் பயணம் முடிந்து வந்த கொஞ்ச காலத்தில், அவருடைய மாமா ஜோசையா வெட்ஜ்வுட் தன் வயலைக் காட்டினார். சில வருடங்களுக்கு முன்னர் மேலே தூவிய சுண்ணாம்பும் சாம்பல் கட்டிகளும் இப்போது புல்லுக்குக் கீழே சில அங்குல ஆழத்தில் ஒரு வரிசையாகக் கிடந்தன. யாரும் உழவில்லை, புதைக்கவுமில்லை. புழுக்கள் கீழிருந்து மண்ணைத் தின்று மேலே கழித்துக் கழித்தே அவற்றை மூடிவிட்டன என்பது மாமாவின் கணிப்பு. 1837இல் டார்வின் இதைப் புவியியல் சங்கத்தில் வாசித்தார்.

அதோடு விடவில்லை. 1842 டிசம்பரில் தன் வீட்டுக்குப் பக்கத்து வயல் ஒன்றில் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பிவிட்டுக் காத்திருந்தார். 1871இல்தான் அந்த இடத்தில் குழி வெட்டிப் பார்த்தார். 29 வருடம்! துண்டுகள் ஏழு அங்குலம் கீழே இருந்தன. நாங்கள் விதை போட்டு மூன்றாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்ப்பவர்கள்.

அந்தக் காலத்தில் தோட்டக்காரர்களுக்குப் புழு ஒரு தொல்லை. புல்தரையை அசிங்கமாக்குகிறது, நாற்றை இழுக்கிறது என்று கொல்வார்கள். இவ்வளவு சின்ன, பலமில்லாத பிராணி இவ்வளவு பெரிய வேலை செய்யுமா என்று 1869இல் ஒருவர் டார்வினை மறுத்தே எழுதினார். 1881இல், இறப்பதற்கு ஆறு மாதம் முந்தி, டார்வின் தன் கடைசிப் புத்தகத்தை இந்தப் புழுக்களைப் பற்றியே எழுதி வெளியிட்டார். ஏக்கருக்கு வருடம் பத்துத் தொன்னுக்கு மேல் மண் புழுவின் வயிற்றினூடாகப் போய்வருகிறது என்பது அதில் உள்ள கணக்கு. பூச்சட்டியில் புழுக்களை வளர்த்து, மகனைக் கொண்டு பசூன் என்ற ஊதுகுழலை ஊதச் செய்தும், மனைவியைக் கொண்டு பியானோ வாசிக்கச் செய்தும் அவற்றுக்குக் காது கேட்கிறதா என்று சோதித்ததையும் எழுதியிருக்கிறார். கேட்கவில்லை. ஆனால் சட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து வாசித்தபோது அதிர்வு பட்டு வளைக்குள் ஓடிவிட்டன. இதை வகுப்பில் சொன்ன நாளில் ஒரு பிள்ளையும் தூங்கவில்லை.

(கிளியோபாத்ரா மண்புழுவைப் புனிதமாக்கி, கொல்பவருக்கு மரண தண்டனை விதித்தாள் என்று ஒரு படம் சுற்றுகிறது. ஆதாரம் காட்டாமல் வரும் அதைத் தயவுசெய்து பகிர வேண்டாம்.)

டார்வின் சொன்னது வயலில் தானாக நடப்பது. பைக்குள், சட்டிக்குள் செடி வளர்ப்பது வேறு கதை. சட்டிக்கு என்ன மண் என்பதே நீண்ட காலம் ஒவ்வொரு தோட்டக்காரனின் இரகசியமாக இருந்தது. ஒரு செடிக்கு ஒரு கலவை, கேட்டால் சொல்லமாட்டார்கள். 1930களில் இங்கிலாந்தின் ஜோன் இன்னஸ் நிறுவனத்தில் லோரன்ஸ், நியூவெல் என்ற இருவர், நாற்றுகள் நோய்பட்டு அழிவதற்குக் காரணம் தேடி, மண்ணை நீராவியில் சூடாக்கிக் கிருமி நீக்கி, ஏறக்குறைய எல்லாச் செடிக்கும் பொருந்தும் ஒரு பொதுக் கலவையைக் கண்டுபிடித்தார்கள். ஏழு பங்கு மண், மூன்று பங்கு பீட் என்ற சதுப்பு நில மக்கல், இரண்டு பங்கு மணல். மேலதிகமாகக் கொஞ்சம் பசளை. விதைக்கு வேறு அளவு, அதில் பசளை இன்னும் குறைவு. சட்டிக் கலவையில் முதலில் வேண்டியது காற்றும் ஈரமும். சாப்பாடு பிறகு, அதுவும் அளவாக. எங்கள் நாற்பது பைகளிலும் நாங்கள் இதைத்தான் மறந்திருந்தோம்.

மண்புழு எருவை இந்தக் கலவைக்குள் முறையாக அளந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் கிளைவ் எட்வர்ட்ஸ். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவரும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டை ஒட்டி, கடையில் விற்கும் கலவையில் பத்து வீதம், இருபது வீதம் என்று ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் நூறு வீதமும் மண்புழு எருவாக்கித் தக்காளி நட்டுப் பார்த்தார்கள். நல்ல விளைச்சல் வந்தது இருபது வீதத்தில். நூறு வீதத்தில் செடி பின்தங்கியது. எருவில் உப்புச் செறிவு அதிகம். தனியாகப் பாவித்தால் காற்றோட்டமும் போதாது, வேர் திணறும். அதே ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. செடிக்கு வேண்டிய போசணை முழுவதையும் தனியாகக் கொடுத்த பின்னரும், கொஞ்சம் மண்புழு எரு சேர்த்த கலவையில் செடி கூடுதலாக வளர்ந்தது. அதிலிருக்கும் ஹியூமிக் அமிலங்களும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வளர்ச்சிப் பொருள்களும் காரணம் என்கிறார்கள்.

எங்கள் நாற்பது பைகளின் கேஸ் அத்தோடு முடிந்தது. குற்றவாளி நாங்கள்தான்.

இந்த இடத்தில் நம் மொழி பேசும் ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சென்னை நியூ கல்லூரியில் பல்லாண்டு விலங்கியல் கற்பித்த சுல்தான் அகமது இஸ்மாயில். மண்புழு விஞ்ஞானி என்றாலே தமிழ்நாட்டில் அவர்தான். வெளிநாட்டுப் புழுக்களைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை, உங்கள் ஊர் மண்ணில் இருக்கும் புழுவையே வளர்த்தெடுங்கள் என்று விவசாயிகளிடம் சொல்லிவந்தவர். புழு வாங்க என்று நம்மிடம் யாராவது பெரிய தொகை கேட்டால் இவருடைய பேச்சுகளை முதலில் கேட்டுப் பாருங்கள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இவரைத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி 2021. அந்த வருடம் மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தினார்கள். நவம்பரில் கைவிட்டார்கள். இடையில் பெரும்போகம் சிக்கிக்கொண்டது. சீனாவிலிருந்து சேதனப் பசளை ஏற்றிவந்த கப்பல் கடலில் சுற்றியதும், பசளையில் கிருமி என்று நம் பரிசோதனைக்கூடம் சொன்னதும், கொம்பனி அதை மறுத்ததும், கடைசியில் 6.7 மில்லியன் டொலர் கொடுத்து முடித்ததும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மறு வருடம் நெருக்கடி முற்றி, வெள்ளிக்கிழமைகளில் வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு லீவும் அறிவித்தார்கள்.

அப்போது யாரும் நம் விவசாயியோடு உட்கார்ந்து போடாத ஒரு கணக்கைப் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளோடு கரும்பலகையில் போட்டோம். யூரியாவில் நைதரசன் 46 வீதம். 50 கிலோ மூட்டை ஒன்றில் 23 கிலோ. நல்ல மண்புழு எருவில் ஒன்றிலிருந்து இரண்டு வீதம். ஒன்றரை என்று வைத்தால், அந்த 23 கிலோவுக்கு ஒன்றரைத் தொன் எரு வேண்டும். உலர்ந்த நிறையில். ஈரத்தோடு சுமந்தால் இன்னும் கூட. அதிலுள்ளதையும் பயிர் உடனே எடுக்க முடியாது, மெல்ல மெல்லத்தான் கிடைக்கும். புழு நைதரசனைப் புதிதாகப் படைப்பதும் இல்லை, நாம் போட்ட குப்பையில் இருந்ததைத்தான் மாற்றித் தருகிறது. ஒரு மாணவன் கேட்டான்: "அப்ப வாப்பாட நாலு ஏக்கருக்கு எத்தன லொறி சேர்?" வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அந்தப் போகத்தில் அவர்கள் உம்மாவின் நகையை அடகு வைத்த குடும்பம்.

வயல் முழுக்க யூரியாவுக்குப் பதில் என்று அதைக் கேட்டது அநியாயம். அதற்காக வளவில் ஒரு பை கொச்சிக்காய்க்கும் அது ஆகாது என்று சொல்வதும் சரியில்லை. பைகள் நாசமான பிறகு நாங்கள் இப்போது செய்வது இதுதான். அளவுக்குச் சிரட்டை. பத்துச் சிரட்டைக் கலவையில் இரண்டு மண்புழு எரு, நாலு தும்புத்தூள், மூன்று மேல்மண், ஒன்று ஆற்று மணல். விதைத் தட்டுக்கு எரு ஒரு சிரட்டைதான், குறைவதைத் தும்புத்தூளால் நிரப்புகிறோம். தும்புத்தூளை இரண்டு மூன்று தரம் நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்தே போடுகிறோம். நம் கரையோரத்தில் உப்பு நீரில் ஊறிய மட்டையிலிருந்து வருவதும் உண்டு, அலசாவிட்டால் அந்த உப்பும் சேர்ந்துகொள்ளும். எருவை வெயிலில் காயவிடுவதில்லை, நிழலில் ஈரச் சாக்கால் மூடி வைக்கிறோம். காய்ந்தால் அதிலிருக்கும் உயிர்களில் பெரும்பகுதி போய்விடும்.

பழைய பைகளில் இருந்த எருவை நாங்கள் வீசவில்லை. அதையே இந்த அளவில் பிரித்துக் கலந்ததில் நாற்பது பை எரு இருநூறு பைக்குக் காணும் போலிருக்கிறது. நூற்றிருபது இதுவரை நிரப்பியாயிற்று. புதுத் தட்டுகளில் நாற்று நாலு இலை விட்டிருக்கிறது.

அந்த உம்மாவுக்குப் பத்து நாற்று அனுப்பினோம். மற்றவர்களுக்கும் தரலாம். சனிக்கிழமை காலை பாடசாலைக்கு வாருங்கள், ஒரு வெற்றுச் சாக்கும் முடிந்தால் ஒரு சாக்குத் தும்புத்தூளும் கொண்டுவாருங்கள். மீதி எண்பது பைக்கு அதுதான் எங்களிடம் இல்லை.