குதிரும் பத்தாயமும் டிரங்குப் பெட்டியும்

ஒரு குடும்பம் ஊர்விட்டு ஊர் குடிபெயரும்போது எதைக் கட்டிக்கொண்டு போகிறது என்பதை, அக்குடும்பத்தின் செல்வநிலையைக் காட்டிலும், போய்ச் சேரும் ஊரில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதே பெரிதும் தீர்மானித்துவந்திருக்கிறது. குயவரும் பாய் முடைவோரும் கூப்பிடு தொலைவில் இருந்த காலத்தில் பானை, சட்டி, அடுப்பு, பாய், முறம் ஆகியவற்றைச் சுமந்து செல்ல வேண்டிய தேவையே எழவில்லை. உடையக்கூடியவையும் மலிவானவையுமான அவற்றைப் பழைய வீட்டிலேயே விட்டுவிட்டோ அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிட்டோ போய், புது ஊரில் புதிதாக வாங்கிக்கொண்டனர். வண்டியில் ஏறியவை உலோகப் பாத்திரங்கள், தானியம், விதை, துணிமணி, மரச்சாமான் ஆகியவையே.

இதை விளக்கத் தானியச் சேமிப்புக் கலன்கள் இரண்டை ஒப்பிட்டாலே போதும். குதிர் என்பது களிமண்ணால் உறை உறையாக வனைந்து, வீட்டுக்குள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூசிச் செய்யப்படும் நெற்கூடு. நிலைவாசலைவிட அகலமாகவும் ஆளுயரத்துக்கு மேலாகவும் அது அமைந்துவிட்டால், உடைத்தாலொழிய வெளியே வராது. பத்தாயம் என்பதோ மரப்பலகைகளைக் காடியில் பொருத்தி அடுக்கடுக்காக ஏற்றிய பெட்டி. ஆணி அடித்து இறுக்காமல் பொருத்தப்பட்டிருந்தால் மேலிருந்து ஒவ்வோர் அடுக்காகக் கழற்றி, வண்டியில் படுக்க வைத்து, புது வீட்டில் மீண்டும் நிறுத்திவிடலாம். குதிர் வைத்திருந்தவர் நெல்லை மட்டுமே கொண்டுபோனார். பத்தாயம் வைத்திருந்தவர் நெல்லோடு களஞ்சியத்தையும் கொண்டுபோனார். பாதி மண்ணில் புதைந்திருந்த உரலும் குதிர் போலவே பெரும்பாலும் அடுத்துக் குடிவருவோருக்கு உரியதாயிற்று.

பாரவண்டியில் சாமான் ஏற்றுவது தனித் திறனாகவே இருந்தது. இருசக்கர மாட்டுவண்டியில் எடை அச்சுக்கு முன்னே கூடினால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்னே கூடினால் நுகத்தடி மேலெழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்பாரம், பின்பாரம் என்று வண்டிக்காரர் சொன்னது இந்த எடைச் சாய்வைத்தான். எனவே அம்மியும் இரும்புச் சாமான்களும் அச்சுக்கு நேராக நடுவில் இடம்பெற, அவற்றைச் சுற்றி மூட்டைகள் நிரப்பப்பட்டு, மேலே கட்டில் சட்டங்களும் கவிழ்த்த கூடைகளும் வடக்கயிற்றால் இழுத்துக் கட்டப்பட்டன. வண்டிச் சக்கரத்தின் குலுக்கலுக்கு ஈடுகொடுக்கப் பாத்திரங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, அண்டாவுக்குள் தவலை, தவலைக்குள் குண்டான், குண்டானுக்குள் சொம்பு என்று அடுக்கப்பட்டு, இடைவெளிகளில் பருப்பு முடிச்சும் பழந்துணியும் செருகப்பட்டன. ஊறுகாய் ஜாடியின் வாயைத் துணியால் மூடிக் கயிற்றால் இறுக்குவதற்கு வேடு கட்டுதல் என்று பெயர். அப்படி வேடு கட்டிய ஜாடியை வைக்கோல் பிரி சுற்றிக் கடகத்தில், அதாவது பனையோலையால் முடைந்த பெருங்கூடையில், நிறுத்தினர்.

பித்தளை, வெண்கலப் பாத்திரங்களின் கழுத்தில் சிற்றுளியால் பெயர் வெட்டும் வழக்கம் இங்கே கருதத் தக்கது. கல்யாணச் சாப்பாட்டுக்கு இரவல் போன பாத்திரம் மாறிவிடாமல் திரும்புவதற்கும், பாகப்பிரிவினையில் சீர்வரிசைப் பொருளை அடையாளம் காண்பதற்கும் உதவிய அந்தப் பெயர், குடிபெயர்ச்சியின்போது சாமான் பட்டியலின் வேலையையும் செய்தது. எவர்சில்வர் வந்த பிறகும் இவ்வழக்கம் மறையவில்லை. உளியின் இடத்தை மின்சாரத்தில் அதிரும் ஊசி பிடித்துக்கொண்டதே மாற்றம். தந்தவர் பெயர், திருமண நாள் ஆகிய இரண்டையும் தாங்கிய பாத்திரங்கள் பல வீடுகளில் இன்றும் பரணில் இருக்கின்றன. பத்திரப்பதிவு அலுவலகத்தில் கிடைக்காத குடும்ப வரலாறு சில வேளைகளில் ஓர் அண்டாவின் விளிம்பில் கிடைத்துவிடும்.

வண்டியில் சாமான் கட்டும் முறையை மாற்றியது இரயில். 1855-இல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் சணல் ஆலை தொடங்கப்பட்டது. மறு ஆண்டு, 1856 ஜூலை 1 அன்று, இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லையெனினும், குடிபெயர்வோரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. சாமானை நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வேறோர் ஊரில் பெற்றுக்கொள்ளும் வசதி ஏற்பட்டதும், உரிமையாளரின் கண் பார்வையில் இல்லாத நிலையிலும் சிதறாத கட்டு தேவைப்பட்டது. சணல் சாக்கைக் கோணி ஊசியால் தைத்து, முகவரியை மையால் எழுதி, முடிச்சில் அரக்கு வைக்கும் பார்சல் முறை அப்படிப் பரவியது. மாவட்டம் மாவட்டமாக மாற்றலாகும் அரசு ஊழியர்கள் என்னும் புதிய வகையினர் பெருகியபோது, ஹோல்டால் எனப்பட்ட கித்தான் படுக்கைச் சுருளும் தகரத்தால் செய்த டிரங்குப் பெட்டியும் நடுத்தரக் குடும்பத்தின் அடையாளங்களாயின.

டிரங்குப் பெட்டி எளிய பொருள். ஆயினும் நன்கு யோசித்துச் செய்யப்பட்டது. தகட்டின் விளிம்புகள் மடித்து இறுக்கப்பட்டு, மூலைகளில் முட்டுத் தகடுகள் அறையப்பட்டு, இருபுறமும் கைப்பிடிகளும் முன்னே நாதாங்கியும் பொருத்தப்பட்டன. அடியில் பழைய செய்தித்தாள் விரித்து, பட்டுப்புடவைகளை நடுவில் வைத்து, வேப்பிலையோ வசம்போ, பிற்காலத்தில் பாச்சை உருண்டையோ இடையிட்டு, மேலே பத்திரங்களும் ஜாதகங்களும் வைக்கப்பட்டன. கறையானும் எலியும் அரிக்க முடியாத இப்பெட்டி, பயணம் முடிந்தபின் கட்டிலுக்கடியில் அலமாரியாகவும் பயன்பட்டது.

கட்டிய சாமானைவிடக் கட்ட முடியாத சாமான் பெரிதாகிப்போன குடிபெயர்ச்சிகளும் உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூனில் குண்டு வீசியபின் பர்மாவைவிட்டுக் கால்நடையாகப் புறப்பட்ட பல்லாயிரம் இந்தியர்க்குத் தோள் தாங்கியதே சாமான். 1964 மே மாதத்தில் பர்மிய அரசு 50, 100 கியாத் தாள்களைச் செல்லாதவையாக்கியதால், எஞ்சியிருந்தவர்களில் பலர் பெட்டியில் மடித்து வைத்திருந்த பணமே வெறுங்காகிதமாயிற்று.

அதே 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் நாடற்றவராக இருந்த 9,75,000 இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும் மீதமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவெடுப்பதென்றும் வகுத்தது. அவர்களுள் பெரும்பகுதியினரான தோட்டத் தொழிலாளர் வாழ்ந்தது லயங்களில். லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த சிற்றறைக் குடியிருப்பு. இந்தியாவுக்குக் கப்பலேறும் தலைமன்னாருக்குச் சென்ற இரயிலை மலையகத்தார் ஒப்பாரிக் கோச்சி என்று அழைத்தனர். கோச்சி என்றால் இரயில். ஒப்பாரி என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை. அண்ணன் இலங்கைக் குடிமகனாகவும் தம்பி இந்தியக் குடிமகனாகவும் பிரிந்த வீட்டில், கறவை மாடும் கொல்லைக் காய்கறியும் தங்கிவிட, பெட்டியின் கனம் துணியிலும் பாத்திரத்திலும் இருந்தாலும் மதிப்பு கடவுச்சீட்டிலும் குடும்ப அட்டையிலும் குடிகொண்டது. இந்தியக் கரையில் மண்டபம் முகாமில் வந்திறங்கியவர் யார், அவருக்கு எந்த உதவி உரியது என்பதை அத்தாள்களே சொல்ல வேண்டியிருந்தது. போய்ச் சேரும் இடத்தில் எவ்விலை கொடுத்தும் மறுபடி வாங்க முடியாத பொருள், முதன்முறையாக, காகிதமாக இருந்தது.

செட்டிநாட்டில் நேர்ந்தது இதற்கு முற்றிலும் மாறானது: குடும்பங்கள் நகரங்களுக்குப் போய்விட, வீடுகளே பிரிக்கப்பட்டு, தேக்குத் தூண்களும் நிலைகளும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன.

இன்று சாமான் கட்டுவதை நிறுவனங்கள் ஏற்றுள்ளன. அவை பயன்படுத்தும் நெளி அட்டை, 1871-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் கண்ணாடிப் புட்டிகளைச் சுற்றுவதற்காகக் காப்புரிமை பெற்றது. காற்றுக் குமிழ்த்தாள், 1957-இல் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாக முயன்று தோற்ற ஒன்றின் மறுபிறவி. வைக்கோல் பிரியின் வேலையையே இவையும் செய்கின்றன. ஆனால் வைக்கோலை இறங்கிய ஊரில் மாடு தின்றுவிடும், குமிழ்த்தாளைத் தின்ன எதுவும் இல்லை.

ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகாமல் இருப்பதுபோல் இன்னொரு வழக்கமும் நிலைத்திருக்கிறது. சாமி படம், விளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள், பால் காய்ச்சும் பாத்திரம் ஆகியவை லாரியில் ஏறுவதில்லை. வீடு முழுவதையும் அட்டைப் பெட்டிகளில் அடைத்து எண்ணிட்டு ஒட்டும் தொழிலாளர்கள்கூட, அடுக்களை மூலையில் ஒதுக்கி வைத்திருக்கும் இவற்றைத் தொடாமல் விட்டுவிடுகின்றனர்; வீட்டுப் பெண்கள் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு, லாரி வந்து சேரும் முன்பே, ஆட்டோவில் போய்ப் புதுவீட்டு வாசலில் இறங்குகின்றனர்.