காமெடியனுக்கு மேனேஜரும் இவங்கதான், தயாரிப்பாளரும் இவங்கதான்! பிரிட்டனின் 'அவலான்' நிறுவனம் இயங்குவது எப்படி?

ஒரு தர்பூசணி. ஒரே ஒரு நிமிடம். முடிந்த அளவு சாப்பிட வேண்டும். ரொமேஷ் ரங்கநாதன் பழத்தைத் தூக்கித் தரையில் போட்டு உடைத்தார். அப்படியே அள்ளிச் சாப்பிட்டார். 2015 ஜூலையில் பிரிட்டனின் 'டேவ்' சேனலில் தொடங்கிய 'டாஸ்க்மாஸ்டர்' நிகழ்ச்சியின் முதல் எபிசோடில் வந்த காட்சி இது.

இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து காமெடிக்கு வந்தவர் ரொமேஷ். அவரை நம்மில் பலருக்கும் தெரியும். ஆனா, அந்த நிகழ்ச்சியைத் தயாரிக்கும் நிறுவனத்தின் பெயர் அவ்வளவாகத் தெரியாது. அதுதான் அவலான்.

யார் இந்த அவலான்?

1989-ல் ஜான் தோடே, ரிச்சர்ட் ஆலன்-டர்னர் ஆகிய இருவரும் லண்டனில் தொடங்கிய நிறுவனம் இது. காமெடியன்களுக்கு மேனேஜராக இருப்பது, மேடை நிகழ்ச்சிகளை நடத்துவது, டிவி நிகழ்ச்சி தயாரிப்பது என மூன்று வேலையும் ஒரே இடத்தில் நடக்கும்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒவ்வொரு ஆகஸ்ட்டும் நடக்கும் ஃப்ரிஞ்ச் கலைவிழாதான் பிரிட்டன் காமெடியன்களுக்கு நுழைவாசல். அங்கே 1991-ல் முக்கிய விருதான பெரியர் விருதை வென்ற ஃபிராங்க் ஸ்கின்னர், அவலானின் கலைஞர். 1993-ல் ராப் நியூமன், டேவிட் பேடியல் ஜோடியை சுமார் 12,000 பேர் அமரும் வெம்ப்ளி அரீனாவில் மேடையேற்றியதும் இதே நிறுவனம்தான். காமெடிக்கு அவ்வளவு பெரிய அரங்கா என்று அன்றைக்கு எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள்.

காசு எங்கிருந்து வருது?

மேனேஜர் வேலையில் கிடைப்பது கமிஷன். பிரிட்டனில் பொதுவாக, கலைஞரின் சம்பளத்தில் 10 முதல் 20 சதவீதம். கலைஞருக்கு வாய்ப்பு நின்றால் கமிஷனும் நின்றுவிடும். தயாரிப்பில் கதையே வேற. சேனல் கொடுக்கும் பட்ஜெட்டில் தயாரிப்பாளருக்குத் தனிப் பங்கு உண்டு. நிகழ்ச்சியின் உரிமையும் கையில் இருந்தால், வருமானம் பல வருஷத்துக்கு வந்துகொண்டே இருக்கும்.

அந்த உரிமை எப்படி கிடைச்சது?

இதற்கு இரண்டு சட்டங்கள் காரணம். பிபிசி, ஐடிவி ஆகியவை தங்கள் நிகழ்ச்சிகளில் குறைந்தது 25 சதவீதத்தை வெளி நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்றது 1990-ம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டம். வேலை கிடைத்தது, ஆனால் உரிமை பெரும்பாலும் சேனலிடமே தங்கிவிட்டது. 2003-ம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டத்துக்குப் பிறகுதான், நிகழ்ச்சியின் உரிமையைத் தயாரிப்பாளரே வைத்துக்கொள்ளும் முறை நிலைத்தது. சேனல் வாங்குவது ஒளிபரப்பும் உரிமையை மட்டும்தான்.

'டாஸ்க்மாஸ்டர்' இதற்கு நல்ல உதாரணம். அலெக்ஸ் ஹார்ன் 2010-ல் எடின்பரோவில் மேடையில் செய்து பார்த்த யோசனை, ஐந்து வருஷம் கழித்து டிவிக்கு வந்தது. 'டேவ்' சேனலில் ஒன்பது சீசன் ஓடியபின், 2020-ல் சேனல் 4-க்கு மாறியது. நார்வே, ஸ்வீடன், டென்மார்க், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா என்று பல நாடுகளில் இதே ஃபார்மட்டில் உள்ளூர் நிகழ்ச்சிகள் வந்துவிட்டன.

சரி, இதுல என்ன பிரச்னை?

'டாஸ்க்மாஸ்டர்' முதல் சீசனில் ரொமேஷோடு போட்டியிட்டவர்களில் ஃபிராங்க் ஸ்கின்னரும் ஒருவர். அதாவது, அவலானின் கலைஞர், அவலான் தயாரித்த நிகழ்ச்சியில். இப்படி வரும்போது சம்பளம் பேசுவது யார்? கலைஞருக்கு அதிகம் வாங்கித் தருவது மேனேஜரின் கடமை. செலவைக் குறைப்பது தயாரிப்பாளரின் கவலை. ரெண்டு பேரும் ஒரே கம்பெனி!

அமெரிக்காவில் இதே கேள்வி பெரிய சண்டையாக வெடித்தது. ஏஜென்சிகள் தயாரிப்பிலும் இறங்கி, சேனல்களிடம் தனிக்கட்டணமும் வாங்குவதாக எழுத்தாளர் சங்கம் எதிர்த்தது. 2019 ஏப்ரலில் 7,000-க்கும் மேற்பட்ட எழுத்தாளர்கள் தங்கள் ஏஜென்ட்டுகளை விட்டு விலகினார்கள். 2021 பிப்ரவரியில் கடைசிப் பெரிய ஏஜென்சியும் இறங்கிவந்தது. தயாரிப்பு நிறுவனத்தில் ஏஜென்சிக்கு 20 சதவீதத்துக்கு மேல் பங்கு கூடாது என்று முடிவானது. ஆனால் அந்த ஒப்பந்தம் ஏஜென்ட்டுகளுக்குத்தான், மேனேஜர்களுக்கு இல்லை.

அப்போ கலைஞருக்கு நஷ்டமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. ஜான் ஆலிவர் அவலானின் கலைஞர். 2014-ல் அமெரிக்காவின் ஹெச்பிஓ சேனலில் தொடங்கிய அவரது 'லாஸ்ட் வீக் டுநைட்' நிகழ்ச்சியின் தயாரிப்பிலும் அவலானுக்குப் பங்கு உண்டு. ஒரு கலைஞரை நம்பி, அவருக்கென்றே நிகழ்ச்சி உருவாக்க இப்படி ஒரு நிறுவனத்தால் முடியும். கமிஷனை மட்டும் நம்பி இருக்கும் சின்ன ஏஜென்ட்டுக்கு அது கஷ்டம்.

ஆனால் பேரம் பேசும் பலம் எல்லோருக்கும் ஒன்றல்ல. ஆலிவர் மாதிரி பெரிய பெயர் என்றால் தனி வக்கீல் வைத்துப் பேசலாம். எடின்பரோவில் கைக்காசு போட்டு, கடனோடு ஊர் திரும்பும் புதுமுகத்துக்கு வரும் முதல் டிவி வாய்ப்பே தன் மேனேஜர் தயாரிக்கும் நிகழ்ச்சியாக இருந்தால்? கையெழுத்துப் போடும் முன் அவர் கேட்க வேண்டியவை மூன்று: இந்தச் சம்பளத்திலும் கமிஷன் எடுப்பீர்களா? ஃபார்மட் வெளிநாட்டில் விற்றால் எனக்குப் பங்கு உண்டா? உங்களோடு பேசும்போது என் பக்கம் உட்காரப்போவது யார்?