கோழிக்கூடு முட்டைக்காக வந்ததில்லை

கோழிக்கூடு முட்டைக்காக வந்ததில்லைங்க, ராத்திரி பயத்துக்காக வந்தது. வேலியோரம் காட்டுப்பூனை வரும் மாலை நேரத்தில் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் வீட்டுக்கோழி குறுந்தொகையின் 139ஆம் பாட்டிலேயே இருக்கிறது.

முட்டை விஷயத்தில் மட்டும் நாட்டுக்கோழிக்குக் காட்டுப் புத்தி போகவே இல்லை. ராத்திரி கூட்டில் அடையும். விடிந்ததும் வைக்கோல் போருக்குள்ளோ புதருக்குள்ளோ ஒளித்து முட்டையிடும். பாதி கீரிக்கும் பாம்புக்கும் போகும்.

எங்க ஊர்ப் பெண்கள் இதுக்கு வழி வைத்திருந்தார்கள். காலையில் திறக்குமுன் ஒவ்வொரு கோழியையும் பிடித்து விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். முட்டை தட்டுப்பட்டால் அதைப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுவார்கள். இட்ட பிறகுதான் விடுதலை. முட்டைகளை எடுக்கும்போது ஒன்றை அப்படியே விட்டுவைப்பார்கள். 'இடம் பத்திரம்'னு கோழி மறுபடி அங்கேயே வரும். விற்ற காசு அவர்களின் சிறுவாடு. ஆம்பளைங்க கை வைக்காத பணம்.

பிறகு நாமக்கல் பண்ணைகள் பெருகின. வெள்ளை லெகார்ன் வருஷத்துக்கு 300 முட்டை வரை இடும். சரிந்த கம்பித் தரையில் முட்டை தானே உருண்டு வெளியே வரும். தேட வேண்டாம், தொட்டுப் பார்க்க வேண்டாம். மலிவு முட்டை எல்லா வீட்டுக்கும் போனது நல்லதுதான். ஆனால் அந்தச் சிறுவாடும் கைப்பழக்கமும் சேர்ந்தே போயின.

இப்போது மேய்ச்சல் கோழி முட்டைக்கு நகரத்தில் கிராக்கி. நான் கூட்டின் இருட்டு மூலையில் வைக்கோல் பரப்பி, ஒரு முட்டையை விட்டுவைத்து, பத்து மணிக்கு மேல்தான் திறக்கிறேன். புது உத்தி இல்லைங்க, அந்தப் பெண்கள் விட்டுப்போன பாடம்.