கேட்ட பாடமும் படித்த பாடமும்

மாணவர்கள் வகுப்புக்கு வருமுன் பாடநூலை ஒருமுறையேனும் வாசித்துவிட்டு வரவேண்டும் என்பது எங்கள் கல்லூரி இயற்பியல் பேராசிரிய நண்பரின் நெடுநாள் ஆசை. 'நாளைக்கு இந்தப் பத்துப் பக்கம்' என்று சொல்லி அனுப்புவார். மறுநாள் இருவரோ மூவரோ புரட்டியிருப்பார்கள். சோம்பல் என்பது நண்பரின் தீர்ப்பு. அதே மாணவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழ் நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு அதில் முழு உடன்பாடில்லை.

நம் மரபில் பாடம் என்பது கேட்பது. ஏடுகள் அரியவையாக இருந்த காலத்தில் ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்டனர். உ.வே.சாமிநாதையரும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 'பாடம் கேட்டார்' என்றே சொல்கிறோம். ஐரோப்பாவின் 'லெக்சர்' என்ற சொல்லும் வாசித்தலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்ததே. கையெழுத்துப் பிரதியை ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்ட காலத்தின் எச்சம் அது. அச்சு வந்தது, நூல்கள் மலிந்தன. வகுப்பறை மட்டும் சுவடிக் காலத்திலேயே நின்றுவிட்டது.

இத்தனைக்கும், கேட்டல் மட்டும் போதாது என்பதை 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் வகுத்துச் சொல்லிவிட்டார். ஆசிரியர் உரைப்பதை நன்றாக உள்வாங்கினாலும் கிடைப்பது காற்பங்குதான். உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். எஞ்சிய அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போதே கைகூடும்.

1817இல் அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியின் பொறுப்பை ஏற்ற சில்வானஸ் தேயர் இந்த வரிசையை மாற்றினார். மாணவர் பாடத்தை முன்கூட்டியே படித்து வரவேண்டும். வகுப்பில் கரும்பலகை முன் நின்று கணக்கைத் தாமே செய்துகாட்ட வேண்டும். 1991 முதல் ஹார்வர்டில் இயற்பியல் ஆசிரியர் எரிக் மசூர் வளர்த்த முறையும் இதற்கு உறவுதான். வாசிப்பு வகுப்புக்கு முன். வகுப்பில் கேள்வியும், பக்கத்து மாணவரோடு விவாதமும். பவணந்தியின் இரண்டாவது காற்பங்கு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆனால் முன்கூட்டிப் படிக்க, படித்தால் புரிகிற நூல் கையில் இருக்கவேண்டும். இதை உணர்ந்து உழைத்தவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிரீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த இந்த அமெரிக்கர் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் பயின்றவர்கள் அரசுப் பணி தேடி ஊரைவிட்டுப் போவதைக் கண்டார். 1860களில் கற்பிக்கும் மொழியைத் தமிழாக மாற்றினார். அதற்கு நூல்கள் வேண்டுமே! கிரேயின் உடற்கூற்று நூல் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' ஆயிற்று. 1875இல் வேதியியலுக்குக் 'கெமிஸ்தம்' வந்தது. அவரும் அவர் மாணவர்களும் தமிழாக்கியவை நாலாயிரம் பக்கங்களுக்கும் மேல்.

இனி எங்கள் மாணவர்களைப் பாருங்கள். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள். பூந்தமல்லியைச் சுற்றிய சிற்றூர்களிலிருந்து பேருந்தில் தொற்றிக்கொண்டு வருபவர்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் அறிவியல் படித்தவர்கள் பலர். திடீரென்று கையில் தடித்த ஆங்கில நூல். ஒரு பக்கத்தில் நாற்பது சொல் புரியாதபோது மூடிவைப்பதைச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது?

1960களிலும் 70களிலும் தமிழக அரசு கல்லூரிக் கல்விக்கென நூற்றுக்கணக்கான தமிழ்ப் பாடநூல்களை வெளியிட்டது. நெடுங்காலம் நூலகங்களில் தூசி படிந்து கிடந்த அவற்றுள் பல இன்று இணையத்தில் மின்னூலாகவே கிடைக்கின்றன. வெப்பவியலின் அடிப்படை விதிகள் அதற்குள் மாறிவிடவில்லை. அப்படியொரு நூலின் சில பக்கங்களைப் படியெடுத்து நண்பரிடம் கொடுத்தேன். ஆங்கில நூலுக்குமுன் இதைப் படித்து வரச் சொன்னார். அன்று பதினோரு பேர் படித்து வந்திருந்தார்கள்.

நண்பர் மகிழ்ச்சியோடு, படித்துவந்த அதே பக்கங்களை முதல் வரியிலிருந்து கரும்பலகையில் நடத்தத் தொடங்கினார். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "ஐயா, இது படிச்சிட்டோம். எனக்கு ஒரு சந்தேகம்தான் இருக்கு" என்றாளாம்.

இதைச் சொல்லிவிட்டு நண்பர் சற்று நேரம் பேசாமலிருந்தார். படித்து வந்தவரையும் வராதவரையும் ஒன்றாக உட்காரவைத்து எல்லாவற்றையும் நாமே சொல்லிவிட்டால், படித்து வந்தவருக்குத்தான் தண்டனை. இருபது ஆண்டுகளாக நானும் அந்தத் தண்டனையைத் தந்துகொண்டுதான் இருக்கிறேன், அதுவும் நன்னூலை நடத்திக்கொண்டே.