பங்கும் சேகரமும்: குருமாரைத் தாங்கிய தமிழ்ச் சபைகளின் வரலாற்றில் ஓர் ஏடு

தமிழ்க் கத்தோலிக்கர் ஒரு குருவின் பொறுப்பிலுள்ள ஆட்சி எல்லையைப் ‘பங்கு’ என்பர். திருநெல்வேலிச் சீர்திருத்தக் கிறித்தவர் அதனைச் ‘சேகரம்’ என்பர். தரங்கம்பாடி லுத்தரன் மரபினர்க்கு அது ‘குருசேகரம்’. மொழியியல் மாணவராக இச்சொற்களை முதலில் எதிர்கொண்டபோது, இவை வெறும் வழக்கு வேறுபாடுகள் என்றே நாம் எண்ணினோம். பிறகுதான் ஒன்று புலப்பட்டது. ஆங்கிலத்திலும் இலத்தீனிலும் இதற்கு வழங்கும் சொற்கள் இடத்தையோ மேய்ப்பனையோ சுட்டி நிற்க, தமிழ்ச் சொற்களோ பகுத்தலையும் திரட்டுதலையும் நினைவூட்டுகின்றன. பல சிற்றூர்ச் சபைகள் ஒன்றுசேர்ந்தே ஒரு குருவைத் தாங்க இயலும் என்னும் பொருளியல் உண்மை ‘சேகரம்’ என்ற சொல்லுக்குள் படிந்திருக்கிறது எனலாம்.

கால்டுவெல்லை ஆசிரியர்கள் 1856ஆம் ஆண்டின் ஒப்பிலக்கணத்தால் அறிவர். ஆனால் இடையன்குடியில் அவருடைய நாள்கள் பெரும்பாலும் சபைக் கணக்கு, பள்ளிக்கூடம், பஞ்சம், கோயிற்கட்டடம் ஆகியவற்றிலேயே கழிந்தன. அவர் பணியாற்றிய தேரிமண் நாட்டில் பனையேறிக் குடும்பங்களிடம் காசுப்புழக்கம் அரிது. ஆகவே காணிக்கை, பொருளாகவே வந்தது. சோறு பொங்குமுன் உலையரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக்கலத்தில் இடும் ‘கைப்பிடியரிசி’ வழக்கம் பெண்களின் கையில் இருந்தது. அவ்வாறு சேர்ந்த அரிசி சபைக்கு உரியது. வீட்டுக்கணக்கில் தெரியாத அந்தப் பிடியரிசி, திரண்டபோது ஓர் ஊழியரின் படியாயிற்று. வரலாற்று நூல்கள் மிஷனரிமாரின் பெயர்களைப் பட்டியலிடும் அளவுக்கு இப்பெண்களைப் பேசுவதில்லை என்பது எமது நெடுநாள் குறை.

இதற்கு முன்பே, 1830இல், பாளையங்கோட்டையில் ரேனியஸ் ‘தர்ம சங்கம்’ ஒன்றை ஏற்படுத்தினார். புதிதாகச் சபையிற் சேர்ந்து, அதனால் ஊரில் ஒடுக்கப்பட்ட குடும்பங்களுக்கு நிலமும் வீட்டுமனையும் வாங்குவது அதன் நோக்கம். பின்னர் ஊழியர்தம் கைம்பெண்களுக்கென விதவைகள் நிதியும் தோன்றியது. இந்திய ஆயுள் காப்பீட்டின் வரலாற்றை எழுதுவோர் திருநெல்வேலி விதவைகள் நிதியைத் தொடக்ககால அமைப்புகளுள் ஒன்றாக எண்ணுவர். சமயநூல் படிப்போர் காப்பீட்டு வரலாறு படிப்பதில்லை. காப்பீடு படிப்போர் சமயநூல் படிப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே இச்செய்தி கேட்பாரற்றுக் கிடக்கிறது.

சம்பள முறையில் ஏற்பட்ட மாற்றமே இவ்வரலாற்றின் மையம். இலண்டனில் சர்ச் மிஷன் சங்கத்தின் செயலராக 1841 முதல் 1872 வரை இருந்த ஹென்றி வென், உள்நாட்டுச் சபைகள் தம்மைத் தாமே ஆளவும், தாங்கவும், பரப்பவும் வேண்டும் என்னும் கொள்கையை வகுத்தார். இதன்படி ஊர்ச் சபைகளின் காணிக்கை ஒரு பொதுநிதியில் சேரும். குருவின் சம்பளம் அந்நிதியிலிருந்து வரும். அயல்நாட்டு மானியம் படிப்படியாகக் குறையும். காணிக்கையை ஊரார் நேரே குருவின் கையிற் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். கொடுத்தால், அதிகம் கொடுப்பவர் சொல்லே குருவின் சொல்லாகிவிடும். ஊர்த்தலைவரின் தவற்றைக் கண்டிக்கும் உரிமை, அவர் அளக்கும் நெல்லில் வாழும் குருவுக்கு எங்கிருந்து வரும்? பொதுநிதி, கணக்கு வசதிக்காக மட்டும் எழுந்ததன்று. குருவின் நாவுக்கு அது காவல்.

ஆனால் அயல்நாட்டுப் பணமும் ஒரு கட்டுத்தான். 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், இந்தியர் பணத்தால் இந்தியரே நடத்தவேண்டும் என்று வரையறுத்துக்கொண்டு, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஊழியர்களை அனுப்பியது. அதன் நிறுவுநர்களுள் ஒருவரான வெள்ளாளன்விளை வே. ச. அசரியா, 1910இல் எடின்பரோ மாநாட்டில், மேனாட்டார் ஈகையும் தியாகமும் காட்டியது உண்மையே, நட்பைக் காட்டவில்லை என்று அவையோர் முகத்துக்கு நேரே உரைத்தார். 1912இல் அவர் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் மரபில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதன்முறை. கொடுப்பவர் குனிந்து பார்ப்பதும், பெறுபவர் நிமிர்ந்து பார்ப்பதும் கூட்டுறவு ஆகாது என்பதை அவர் வாழ்க்கையிலிருந்து கற்றவர்.

இம்மரபுகள் யாவும் கப்பலேறி மலாயா வந்தன. ஜொகூரின் நிலை சற்று வேறானது. 1914வரை அது பிரித்தானியரின் முழு மேலாண்மைக்கு உட்படாத அரசு. 1909இல் கெமாசிலிருந்து ஜொகூர் பாருவரை இருப்புப்பாதை முடிந்தபின், சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் என அப்பாதையை ஒட்டி ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணி அழைத்து வந்தோருள் கிறித்தவர் சிறுபான்மையினர். அவருள்ளும் மெதடிஸ்டு, ஆங்கிலிக்கன், லுத்தரன், கத்தோலிக்கர் எனப் பிரிவுகள். ஒரு தோட்டத்தில் நான்கு குடும்பம், பத்து கல் தள்ளி ஆறு குடும்பம் என்ற நிலையில் ஒரு குருவைத் தனியே தாங்க எந்தத் தோட்டத்தாலும் முடியாது. மீண்டும் சேகரம்! ஆனால் இப்போது அதன் எல்லை ஊர்களால் அன்று, இரயில் நிலையங்களால் அமைந்தது.

இங்கே ஊர்த்தலைவரின் இடத்தில் தோட்டத்துரை நின்றார். செபக்கூடம் நிற்கும் மண் தோட்டத்தின் மண். லயத்துக்குள் நுழையத் துரையின் இசைவு வேண்டும். துரை தரும் நன்கொடையை மறுப்பதும் கடினம், ஏற்றபின் கூலிக்காகப் பேசுவதும் கடினம். பொதுநிதியின் அருமை இங்கேதான் விளங்கும்.

பல்லாண்டுகளுக்கு முன், தோட்டப்புறப் பேச்சுத்தமிழைப் பதிவுசெய்ய ஜொகூரில் அலைந்தபோது, உபதேசியார் ஒருவரின் மனைவியாகிய மூதாட்டியைச் சந்தித்தோம். நாம் தேடிச் சென்றது வினைமுற்று விகுதிகளை. அவர் தந்தது வேறு. சம்பளம் பிந்திய மாதங்களில் லயத்துப் பெண்கள் கூட்டுப்பணம் கட்டிக் கைகொடுத்தனராம். (மலாய்க்காரர் ‘கூத்து’ என வழங்கும் இச்சுழல்சேமிப்பின் பெயர் நம் ‘கூட்டு’ என்பாரும் உளர்.) பசி அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. எல்லார் வீட்டுச் சாவுக்கும் தம் கணவர் போனார் என்றும், அவர் சோர்ந்து படுத்த நாளில் என்ன ஐயா என்று கேட்க ஒருவரும் இல்லை என்றும் சொல்லிச் சற்று நேரம் பேசாதிருந்தார். ஆண்டுக்கொருமுறை மாநாட்டுக்குப் பெட்டியோடு புறப்படும்போது மட்டும் அவர் முகம் தெளியுமாம். அங்கே மற்ற ஊழியர்கள் இருந்தனர். ஆண்டு மாநாட்டை நாம் நிர்வாகக் கூட்டமென்றே அதுவரை கருதியிருந்தோம்.

1942இல் ஜப்பானியர் வந்தபின் அயல்நாட்டுப் பணம் நின்றது. சயாம்-பர்மா இருப்புப்பாதைக்குத் தோட்டத்துத் தமிழர் வாரிச் செல்லப்பட்டனர், பல்லாயிரவர் மடிந்தனர். 1943இல் சிங்கப்பூர்ப் பேராயர் லெனர்டு வில்சன் சிறைப்பட, மலாயாவையும் உள்ளடக்கிய அப்பேராயத்தின் பொறுப்பு, பெரிதும் டி. டி. செல்லையா என்னும் தமிழ்க் குருவின் தோளில் விழுந்தது. நீரிணைக் குடியேற்றங்களின் கல்விக் கொள்கை வரலாற்றை எழுதியவரும் இவரே. வென் காகிதத்தில் வகுத்த தன்னாட்சி, போரால் ஒரே நாளில் கைக்கு வந்தது.

போருக்குப்பின் அமைப்புகள் விரைந்து மாறின. லுத்தரன் சபை 1960களின் தொடக்கத்திலும், மெதடிஸ்டு சபை 1968இலும் தனித் திருச்சபைகளாயின. மெதடிஸ்டு முறையில் ஒவ்வொரு சபையும் தன் வசதிக்கேற்ற பங்குத்தொகையை மாநாட்டு நிதிக்குச் செலுத்தும். வலிய சபையின் பணம் மெலிந்த சபையின் போதகரையும் ஓய்வுபெற்றவரையும் சென்றடையும். 1960இல் வீ. தி. சம்பந்தன் தோட்டத்தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டபோது, தோட்டமக்கள் அக்கருத்தை எளிதில் பற்றிக்கொண்டதற்கு, கோயில் வரியும் கூட்டுப்பணமும் கைப்பிடியரிசியும் அவர்க்கு முன்பே பழகியிருந்ததும் ஒரு காரணம் என்பது எம் கருத்து.

தீராமல் நின்றது குருமனைச் சிக்கல். குருவும் குடும்பமும் பணிக்காலம் முழுவதும் சபையின் வீட்டில் வாழ்வர். வாடகை இல்லை, சொந்த வீடும் இல்லை. ஓய்வுபெறும் நாளில் சாவியை ஒப்படைத்துவிட்டு எங்கே போவது? தோட்டத்தொழிலாளியின் நிலையும் இதுவே. தோட்டம் விற்கப்பட்டதும் லயத்தைவிட்டு வெளியேறி, ஜொகூர் பாருவுக்கும் பாசிர் கூடாங்கிற்கும் சென்ற குடும்பங்களும், வீடின்றி ஓய்வுபெற்ற அவர்தம் குருவும் ஒரே வரிசையில் நின்றனர். அம்மூதாட்டியை நாம் சந்தித்தது மகளின் வாடகை வீட்டில். சமையற்கட்டின் மூலையில் ஒரு பழைய பிஸ்கட் தகரம் இருந்தது. அன்றைய அரிசியைக் களையுமுன் அதில் ஒரு பிடி இட்டார். யாருக்கு என்று கேட்டோம். பக்கத்து வீட்டில் ஆள் வேலைக்குப் போகவில்லை என்றார்.