ஃபாஸ்ட்ரா: பல வரைகலை அட்டைக் கணினியும் தாய்ப்பலகைத் தேர்வும்

ஃபாஸ்ட்ரா என்பது பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008, 2009 ஆண்டுகளில் உருவாக்கிய இரு கணினிகளின் பெயர். கடையில் கிடைக்கும் விளையாட்டு வரைகலை அட்டைகளைக் கொண்டு, ஊடுகதிர்ப் படங்களிலிருந்து ஒரு பொருளின் உட்புற வடிவத்தை மீட்டெடுக்கும் டோமோகிராபி கணக்குகளைச் செய்வதே இவற்றின் நோக்கம். பல வரைகலை அட்டைகளுக்குத் தாய்ப்பலகையையும் செயலியையும் எப்படித் தேர்வது என்ற கேள்விக்கு இவற்றின் வரலாறு நல்ல விடை தருகிறது.

ஒன்றுக்கு மேற்பட்ட அட்டைகளை இணைப்பது அதற்கு முன்பே இருந்தது. 1998இல் வெளிவந்த வூடூ2 அட்டைகள் இரண்டு சேர்ந்து ஒரே திரையின் வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக வரைந்தன. பின்னர் பரவிய ஏஜிபி முறையில் வழக்கமாகப் பலகைக்கு ஒரே ஸ்லாட் என்பதால் இந்த வழி அடைபட்டது. 2004இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் பலகைகள் சந்தைக்கு வந்தபின் அது மீண்டும் திறந்தது. இம்முறையில் தரவு 'லேன்' எனப்படும் தடங்கள் வழியே செல்கிறது. ஓர் அட்டைக்கு 16 தடங்கள் வரை தரலாம். 8 அல்லது 4 கொடுத்தாலும் அட்டை இயங்கும், தரவு மெதுவாகச் செல்லும், அவ்வளவே.

முதல் ஃபாஸ்ட்ராவில் எம்எஸ்ஐ நிறுவனத்தின் கே9ஏ2 பிளாட்டினம் பலகையும் ஏஎம்டி ஃபெனோம் 9850 செயலியும் இருந்தன. அப்பலகையில் நான்கு நீள ஸ்லாட்டுகள், நடுவில் போதிய இடைவெளியுடன் அமைந்திருந்தன. ஒவ்வோர் அட்டையும் இரண்டு ஸ்லாட் தடிமன் கொண்டது என்பதால் இந்த இடைவெளி இல்லாமல் நான்கைப் பொருத்த முடியாது. புதிதாக வாங்குவோர் ஸ்லாட்டுகளை எண்ணுவார்கள், இடைவெளியை அளக்க மறப்பார்கள். ஜிஃபோர்ஸ் 9800 ஜிஎக்ஸ்2 அட்டை ஒவ்வொன்றிலும் இரு வரைகலைச் செயலிகள்; மொத்தம் எட்டு. செலவு 4000 யூரோவுக்கும் குறைவு. மையச் செயலி அக்காலத்தில் மிக வேகமானது அன்று. கணக்கின் பெரும்பகுதி அட்டைகளில் நடக்கும்போது அதில் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை என்பது சரியான முடிவே.

2009 இறுதியில் வந்த இரண்டாம் ஃபாஸ்ட்ராவில் ஆறு ஜிடிஎக்ஸ் 295 அட்டைகளும் ஒரு ஜிடிஎக்ஸ் 275 அட்டையும் சேர்ந்து 13 வரைகலைச் செயலிகள். ஏசஸ் பி6டி7 பலகையில் ஏழு ஸ்லாட்டுகள் இருந்தன, ஆனால் ஒட்டி ஒட்டி இருந்தன. எனவே வளையும் கேபிள்களால் அட்டைகளைப் பலகைக்கு மேலே தூக்கித் தனிக் கூண்டில் அமைத்தார்கள். பலகையின் எக்ஸ்58 சிப்செட் தந்த தடங்கள் 36 மட்டுமே. ஏழு ஸ்லாட்டுகளுக்கு அவை போதாததால், 16 தடங்களை வாங்கி 32ஆகப் பிரித்துத் தரும் என்ஃபோர்ஸ் 200 சில்லுகள் இரண்டைப் பலகையில் வைத்திருந்தார்கள். இப்படிப் பிரிப்பதால் புதிய வேகம் பிறப்பதில்லை. இருக்கும் வழியைப் பங்குபோடுவதே நடக்கிறது. டோமோகிராபியில் ஒருமுறை ஏற்றிய தரவின்மேல் நெடுநேரம் கணக்கு நடப்பதால் இது பெரிய குறையாகவில்லை.

உண்மையான தடை வேறிடத்தில் வந்தது. கணினி தொடங்கும்போது பயாஸ் மென்பொருள் ஒவ்வொரு வரைகலைச் செயலிக்கும் நினைவக முகவரிகளை ஒதுக்க வேண்டும். ஒவ்வொன்றும் 256 மெகாபைட்டுக்கு மேல் கேட்டது. 13க்கும் சேர்த்தால் 3.3 ஜிகாபைட்டைத் தாண்டும். 32 பிட் முகவரியின் எல்லையோ 4 ஜிகாபைட்; மற்ற உறுப்புகளுக்கும் அதற்குள்தான் இடம். இதனால் கணினி தொடங்கவே மறுத்தது. ஜிடிஎக்ஸ் 295 அட்டைகளுக்கான ஒதுக்கீட்டைத் தவிர்க்கும் தனி பயாஸை ஏசஸ் எழுதிக் கொடுத்தது. ஆய்வாளர்கள் லினக்ஸ் கருவைத் திருத்தி, அந்த முகவரிகளை 4 ஜிகாபைட்டுக்கு மேலே ஒதுக்கினார்கள். ஒரு நிறுவனத்தின் உதவி கிடைக்காதிருந்தால் அட்டைகள் வெறும் உலோகமாகக் கிடந்திருக்கும். இன்றைய பயாஸ்களில் 'அபவ் 4ஜி டிகோடிங்' என்ற ஒரு தெரிவை இயக்கினாலே இவ்வேலை முடிகிறது.

இதே காலத்தில் தடங்கள் சிப்செட்டிலிருந்து செயலிக்கு இடம்பெயரத் தொடங்கின. 2009இல் வந்த இன்டெல் லின்ஃபீல்டு செயலிகள் 16 தடங்களையும், 2011இன் சாண்டி பிரிட்ஜ்-இ செயலிகள் 40 தடங்களையும் தாமே வழங்கின. இதன்பின் பலகையை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாமல் போனது. 2014இல் இன்டெல் வெளியிட்ட ஐ7-5820கே, ஐ7-5930கே இரண்டும் ஒரே சாக்கெட்டில் பொருந்துபவை, இரண்டுக்கும் ஆறு கோர்கள். ஆனால் முன்னதில் 28 தடங்கள், பின்னதில் 40. நான்கு அட்டைகளுக்குத் தலா 8 தடம் தர 32 வேண்டும். விலை குறைந்ததை வாங்கியவரின் பலகையில் நான்கு ஸ்லாட்டுகள் இருந்தும், பிரிக்கும் சில்லு இல்லையென்றால் நான்கையும் அந்த வேகத்தில் ஓட்ட வழியில்லை.

2017இல் ஏஎம்டியின் திரெட்ரிப்பர் 64 தடங்களுடனும், 2020இல் திரெட்ரிப்பர் ப்ரோ 128 தடங்களுடனும் வந்தன. ஃபாஸ்ட்ரா போல ஏழு அட்டைகளுக்குத் தலா 16 தடம் வேண்டுமானால் 112 போதும். பிரிக்கும் சில்லு ஏதும் தேவைப்படாது.